தஞ்சாவூரைவிடப் பக்கம்

கூகுள் மேப்பில் கோடியக்கரையிலிருந்து இரண்டு கோடுகள் இழுத்துப் பார்த்தேன். தஞ்சாவூர் சுமார் 95 கி.மீ. வல்வெட்டித்துறை சுமார் 60. வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்குப் பழைய ஜில்லாத் தலைநகரைவிட யாழ்ப்பாணக் கரைதான் கிட்டம். கல்கி, பூங்குழலியைத் துடுப்புப் போட்டே இலங்கைக்கு அனுப்பியதில் ஆச்சரியமில்லை.

பாய்மரத்துக்குக் காற்று வேண்டும். மோட்டார் வந்தபின் சில மணி நேரத்தில் அக்கரை. ஆனால் படகு சுருக்கிய தூரத்தைச் சட்டம் நீட்டிவிட்டது. 1974 ஒப்பந்தம் என்றாலே நாம் கச்சத்தீவைத்தான் பேசுகிறோம். அந்த எல்லைக்கோடு கோடியக்கரைக்கு எதிரிலும் ஓடுகிறது.

கடல் அதேதான், ஆளுக்கு வைத்த பெயர்தான் மாறியது. சரக்கு ஏற்றிப் போனவர் ஒரு காலத்தில் வியாபாரி; சுதந்திரத்துக்குப் பிறகு கடத்தல்காரர். 1983 ஜூலைக்குப் பிறகு பிள்ளைகுட்டிகளோடு படகில் வந்து இறங்கியவர்கள் அகதிகள். இன்று வலையோடு கோட்டைத் தாண்டினால் கைதி. நம் விசைப்படகுகளின் இழுவைமடி அக்கரைத் தமிழ் மீனவரின் வலையை அறுப்பதும் இதே கடலில்தான்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். பாஸ்போர்ட் இருந்தால் போய்வரலாம், சந்தோஷம்தான். ஆனால் இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதை ஒரு கப்பல் தீர்க்காது. அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது; ஜி.பி.எஸ். திரையில்தான் தெரியும்.