சி ஹெடர்களில் விடுபட்ட தரவு வகைகள்

பழைய சி நிரலைப் புதிய கணினியில் கம்பைல் செய்தால், இந்தத் தரவு வகையை எனக்குத் தெரியாது என்று கம்பைலர் நின்றுவிடுவதுண்டு. அந்தப் பெயரை வரையறுக்கும் டைப்டெஃப் வரி ஹெடர் கோப்பில் இருக்காது; இருந்தாலும் மறைந்திருக்கும்.

1978இல் வந்த கெர்னிகன், ரிச்சி நூலின் முதல் பதிப்பில் சைஸ்_டி என்ற வகையே கிடையாது; 1989இன் அன்சி தரம்தான் அதை நிலைநிறுத்தியது. யுஇன்ட்32_டி சி99 தரத்தோடு வந்தது. அதுவரை ஒவ்வொரு யூனிக்ஸும் தனக்குத் தோன்றிய பெயரை வைத்தது. யு_இன்ட், யு_சார் எல்லாம் பிஎஸ்டி யூனிக்ஸ் வழிவந்தவை. ஹெடர்களைச் சேர்க்கும் வரிசையும் முக்கியம்: சாக்கெட் ஹெடருக்கு முன் சிஸ்/டைப்ஸ் ஹெடர் வர வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை 2001ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரம்தான் நீக்கியது.

குனு/லினக்ஸில் இந்த ஹெடர்களை யாரும் திறந்து பார்க்கலாம். கேரள அரசுப் பள்ளிகளுக்கு ஐடி@ஸ்கூல் திட்டம் (2017 முதல் கைட்) குனு/லினக்ஸைக் கொண்டுசேர்த்தது. தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ அத்தகைய கணினியில் கம்பைலரை நிறுவிய மாணவர், யுஎஸ்ஆர்/இன்க்ளூட் அடைவைத் திறந்து ஹெடர்களைத் தானே படித்துப் பார்க்கலாம். இது பெரிய வாய்ப்பு.

அங்கே யு_இன்ட் என்று தேடினால் வரி கிடைத்துவிடும், ஆனால் ஒரு நிபந்தனைக்குள். சி99 என்று கறாராகச் சொல்லிக் கம்பைல் செய்யும்போது குனுவின் சி நூலகமான ஜிலிப்சி அதை மறைத்துவிடுகிறது. குனு99 என்று மாற்றினால் போதும். அல்லது முதல் ஹெடருக்கு முன்பே _டிஃபால்ட்_சோர்ஸ் மேக்ரோவை வரையறுக்க வேண்டும். ஜிலிப்சி 2.19க்கு முந்தைய பதிப்புகளில் அதன் இடத்தில் _பிஎஸ்டி_சோர்ஸ்.

அவசரத்தில் பலர் சொந்தமாக ஒரு டைப்டெஃப் எழுதி, அன்சைன்ட் லாங்கை 32 பிட் வகை என்று சொல்லிவிடுகிறார்கள். மிக ஆபத்தானது இதுதான். 32 பிட் லினக்ஸில் லாங் 4 பைட், 64 பிட்டில் 8. பிழைச் செய்தி எதுவும் வராது. பிணையப் பொட்டலத்தின் புலங்கள் மட்டும் இடம் மாறிப் படிக்கப்படும். எஸ்டிடிஇன்ட் ஹெடரைச் சேர்த்து, பழைய பெயரை யுஇன்ட்32_டி மேல் ஏற்றுவதே சரி.

கணினியின் ஹெடரையே திருத்துவதும் வேண்டாம். அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் அழிந்துவிடும், மற்றவர் கணினியில் பிழை அப்படியே இருக்கும். ஜிசிசி கம்பைலரின் ஃபிக்ஸ்இன்க்ளூட்ஸ் கருவிகூட மூல ஹெடரைத் தொடுவதில்லை. திருத்திய நகலைத் தன் இன்க்ளூட்-ஃபிக்ஸ்ட் அடைவில் வைத்துக்கொண்டு, கம்பைலரை முதலில் அங்கே பார்க்கச் செய்கிறது.