சுண்ணாம்பு காத்த ஓவியங்கள்

பிரான்சின் நடுப்பகுதியான பெர்ரி நாட்டில், விக் என்னும் சிற்றூரில் நிற்கிறது புனித மார்ட்டின் தேவாலயம். வெளியிலிருந்து காண்போர்க்கு அது எளிய கற்கட்டடமே. கோத்திக் பேராலயங்களை எண்ணி வருவோர் ஏமாறக்கூடும். ரோமனெஸ்க் பாணிக்குரிய தடித்த சுவர்கள், சிறிய சாளரங்கள், பீடத்தின் பின்னே அரைவட்ட மாடம். மக்கள் கூடும் பகுதியையும் பீடப் பகுதியையும் பிரிக்கும் ஒரு குறுக்குச் சுவர். கட்டடக் கலை இவ்வளவுதான்.

ஆனால் 12ஆம் நூற்றாண்டில் இச்சுவர்களை ஓவியங்கள் நிறைத்தன: எருசலேம் நுழைவு, இறுதி இராவுணவு, யூதாசின் முத்தம். பிற்காலத்தில் அவற்றின்மீது சுண்ணாம்பு பூசப்பட்டது. ஊரும் அவற்றை மறந்தது.

1849இல் பங்குத்தந்தை பெரிகோ அப்பூச்சின் அடியில் வண்ணங்களைக் கண்டார். அண்டை ஊரான நோஆனில் வாழ்ந்த நாவலாசிரியை ஜார்ஜ் சாண்ட் அதனைப் புரோஸ்பெர் மெரிமேயிடம் எடுத்துரைத்தார். 'கார்மென்' கதையை எழுதிய அதே மெரிமேதான். 1834 முதல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர் பொறுப்பில் இருந்தவர். 1850இல் தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று.

மறைத்த சுண்ணாம்பே வண்ணங்களைக் காத்தது என்பது உண்மை. எனினும் சுண்ணாம்பு நீங்கிய சுவருக்கு வேறொரு காவல் தேவைப்படுகிறது. இங்கே அது இரண்டு எழுத்தாளர்களின் அக்கறையாக அமைந்தது. இலக்கியவாதிகளை அவர்தம் நூல்களால் மட்டுமே அளக்கும் நாம், இச்சுவரையும் அவர்கள் கணக்கில் சேர்த்தல் தகும்.