பேரேடும் கணினியும்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் மன்னர்களும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் சாதாரண மக்களின் வரலாறு பெரும்பாலும் கந்தோர் அலுமாரிகளிலேதான் கிடக்கிறது. பேரேடு, பதிவேடு, அட்டை, சான்றிதழ் ஆகியவற்றிலே அவர்கள் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சில வேளைகளில் பிழையாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத்திலே, தேயிலையும் இறப்பரும் விளையும் தோட்டங்களில் வாழும் நம் மக்களின் பெயர்கள் ஏட்டில் ஏறிய வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம். அந்த ஏடு கணினிக்குள் புகுந்த பின்னர் எழுந்த தொல்லைகளையும் விந்தைகளையும் அதனோடு சேர்த்துக் காண்போம்.

கணினி என்னும் பெயரே நமக்கொரு பாடம் புகட்டுகிறது. தமிழகத்தார் கணினி என்று எழுதுகின்றனர். இலங்கையிலே கணனி என்று எழுதுவாரும் பலர். இரண்டும் ஒன்றே என்பது நமக்குத் தெரியும். பொறிக்கு அது தெரியாது. ஓர் எழுத்து மாறினால் அதற்கு அது வேறொரு சொல். இந்தச் சிறு வேற்றுமையே கந்தோர்களில் நிகழும் பெருந்தொல்லைகள் பலவற்றுக்கு மூலமாகும்.

கணினியிலே தவறு நேர்ந்தால் பொறியின் உள்ளே ஏதோ பழுது என்று எண்ணுகிறோம். அவ்வாறு நேர்ந்ததும் உண்டு. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மார்க் 2 என்னும் பெரும் கணிப்பொறியின் உறுப்புகளிடையே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அங்கே பணிபுரிந்தோர் அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அந்த ஏடு இன்றும் வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்திலே இருக்கிறது. நம் தோட்டக் கந்தோர்களிலும் மழைக்காலத்து ஈரமும் எறும்பும் பொறிக்குள் புகுந்து தொல்லை தருவதுண்டு. ஆனால் அவற்றைத் துடைத்துவிடலாம். பெயரில் ஏறிய பிழையைத் துடைப்பது அத்துணை எளிதன்று.

இனிப் பழைய வரலாற்றுக்கு வருவோம். தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட காலத்தில், ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லவேண்டின் ‘துண்டு’ என்னும் கடன் சீட்டு வேண்டியிருந்தது. அவர் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். புதிய துரை அக்கடனைத் தீர்த்தாலன்றி அவர் போக இயலாது. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச் சீட்டு என்னும் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த உலோக வில்லையைத் தொழிலாளி தம்மிடம் கொண்டு வரவேண்டும். வழியிலுள்ள அதிகாரிகள் வில்லையைப் பார்த்து அவரை உரிய தோட்டத்துக்கு அனுப்பினர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. மனிதரை இலக்கத்தால் அறிந்துகொள்ளும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று என்பதற்கு இதுவே சான்று.

தோட்டத்துக்கு வந்த பின்னர் அவர் பெயர் ‘செக்ரோல்’ என்னும் வரவுப் பதிவேட்டில் ஏறியது. விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். கணக்கப்பிள்ளை வேலை பிரித்துக் கொடுப்பார். மாலையிலே கந்தோரில் அன்றைய கணக்கு எழுதப்படும். இங்கே நம் மக்களின் பேச்சில் உள்ள ஓர் அரிய வழக்கைக் குறிப்பிடவேண்டும். தோட்டத்திலே ‘பேர்’ என்றால் ஒருவருடைய பெயர் மாத்திரமன்று. ஒரு நாள் வேலையும் அதற்குரிய சம்பளமும் பேர்தான். குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர்; குறைந்தவருக்கு அரைப்பேர். பேர் விழவில்லை என்றால் அன்றைய உழைப்புக்கு ஊதியம் இல்லை. ஏட்டிலே பெயர் எழுதப்படுவதும் வயிற்றுக்குச் சோறு கிடைப்பதும் ஒன்றே என்று உணர்ந்த மக்களின் சொல் அது.

நாடு சுதந்திரம் அடைந்த 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரின் தலைவிதியை எண்ணிக்கையால் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்படுவர். அந்த எஞ்சியோரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. விண்ணப்பம் எழுதியவர்களுக்குப் பெயரும் பிறந்த நாளும் எவ்வளவு பெரிய உடைமைகள் என்பது அந்நாளிலே விளங்கிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டமே நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை பெறும் வழியை எளிதாக்கியது.

இதற்கிடையே 1968ஆம் ஆண்டின் சட்டப்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படலாயிற்று. அதன் இலக்கத்திலே ஒரு விந்தை அமைந்திருக்கிறது. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் உள. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அந்த நாளோடு 500 கூட்டப்படும். 1962 மார்ச் 1ஆம் நாள் பிறந்த ஆணின் இலக்கம் 62061 என்று தொடங்கும். பெண்ணினது 62561 என்று தொடங்கும். அவ்வாண்டிலே மார்ச் 1 அறுபதாவது நாளன்றோ என்று நேயர்கள் வினவலாம். எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று கொண்டே இக்கணக்கு அமைந்தது. இதனை அறியாத புதிய எழுதுவினைஞர் பிறந்த தேதியில் ஒரு நாள் பிசகுவதுண்டு. ஈற்றெழுத்தோ நாள் கணக்கைவிடக் கனமானது. வாக்களிக்க உரித்துடையோர்க்கு ‘வி’. அவ்வுரித்து இல்லாதோர்க்கு ‘எக்ஸ்’. குடியுரிமை கிட்டாத தோட்டத்து மக்கள் அந்த ‘எக்ஸ்’ என்னும் எழுத்தைத் தம் சட்டைப்பையிலே சுமந்து திரிந்தனர்.

ஆண்டினை இரண்டு இலக்கத்தால் குறித்ததில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1905ஆம் ஆண்டில் பிறந்த பாட்டிக்கும் 2005ஆம் ஆண்டில் பிறந்த கொள்ளுப்பேத்திக்கும் 05 என்பதே ஆண்டுக் குறி. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது உலகத்துக் கணினிகளெல்லாம் அஞ்சிய சிக்கலும் இதுவே. 2016 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 12 இலக்க எண் வழங்கப்படுகிறது; ஆண்டு நான்கு இலக்கத்தில் முழுமையாக நிற்கிறது; ஈற்றெழுத்தும் நீங்கிற்று.

எண்ணின் கதை இவ்வாறிருக்க, எழுத்தின் கதை இன்னும் நீண்டது. யாழ்ப்பாணத்திலே பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று பணியாற்றிய இரா. முத்தையா என்பார், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தார். 247 எழுத்துகளைச் சில விசைகளுக்குள் அடக்கியது அவருடைய அறிவின் சிறப்பு. தாளை நகர்த்தாத விசையால் புள்ளியையும் விசிறியையும் முதலில் அடித்து, பின்னர் மெய்யின் வடிவை அடிக்கும் உபாயம் அதில் அமைந்தது.

தட்டச்சுப் பொறிக்கு எழுத்து என்பது வடிவம்; கணினிக்கு எழுத்து என்பது எண். அமெரிக்கர் 1963ஆம் ஆண்டில் வகுத்த பட்டியலில் 128 இடங்களே இருந்தன. அவற்றில் தமிழுக்கு இடமில்லை. ஆகவே ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்தும் எழுத்துருக்கள் தோன்றின. இலங்கையிலே பெரிதும் வழங்கிய பாமினி அத்தகையது. அதில் தமிழ் என்று எழுதினால், கணினி உண்மையில் வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி இல்லாத கந்தோருக்கு அக்கடிதம் சென்றால் அங்கே தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கிலக் கோவையே தோன்றும். வேறோர் எழுத்துருவை இட்டாலோ வேறொரு குழப்பம். எட்டியாந்தோட்டையில் எழுதிய பெயர்ப்பட்டியல் கொழும்பில் திறந்தபோது எவருக்கும் விளங்காமற் போனமைக்குக் காரணம் பொறியின் பழுதன்று. எழுத்துக்கும் எண்ணுக்கும் பொது உடன்பாடு இல்லாமையே.

அவ்வுடன்பாட்டுக்காகப் பல நாட்டுத் தமிழர் உழைத்தனர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. உலகமொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. 2008ஆம் ஆண்டில் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமத்தைத் தமிழுக்கு வகுத்தது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இன்று அ என்பதன் எண் 2949. க என்பதன் எண் 2965. இறக்குவானையிலும் சென்னையிலும் டொரொன்டோவிலும் அவை மாறுவதில்லை.

ஆயினும் விந்தைகள் தீர்ந்தபாடில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த வரிசையை ஒட்டித் தமிழ் எழுத்துகள் எண் பெற்றமையால், ன என்பது ந என்பதன் பக்கத்திலே நிற்கிறது. எண்ணை மாத்திரம் நோக்கும் மென்பொருள் பெயர்களை அடுக்கினால் கமலத்துக்கு முன்னே கனகம் வந்துவிடும். நம் நெடுங்கணக்குப்படி கமலமே முன்னிற்றல் வேண்டும். தமிழ் வரிசை அறிந்த மென்பொருளைத் தேர்ந்துகொண்டால் இத்தொல்லை இல்லை. ஸ்ரீ என்னும் எழுத்தையும் பாருங்கள். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த வடவெழுத்து ஒன்றைக் கொண்டும் அதனை அமைக்கலாம். பழைய முறையில் ஸகரத்தைக் கொண்டும் அமைக்கலாம். திரையிலே இரண்டும் ஒரே தோற்றம். உள்ளே வெவ்வேறு எண். ஆதலால் ஸ்ரீதரன் என்பவரை ஒருவர் பதிந்து மற்றொருவர் தேடினால், அப்படி ஒருவர் இல்லை என்று கணினி சொல்லிவிடக்கூடும். கா என்பதன் காலுக்குப் பதிலாக ரகரத்தை அடிப்போரும், ஔ என்பதற்கு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவோரும் இதே இடர்ப்பாட்டை விளைவிக்கின்றனர்.

இவையெல்லாம் பொறி அறிந்தோர் தீர்க்கக்கூடியவை. அவர்களாலும் தீர்க்கவியலாத ஒன்று உண்டு. தோட்டத்துப் பிள்ளையின் பெயர் தாய் தந்தையர் வாயிலே தமிழ். பல சான்றிதழ்களில் சிங்களம். பழைய தோட்டப் பதிவுகளிலே ஆங்கிலம். ழகரம் சிங்களத்திலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. பழனியாண்டி ஆங்கிலத்துக்குச் சென்று தமிழுக்கு மீளும்போது பலனியாண்டி ஆகிவிடுகிறார். லகர ளகர ழகரமும், ரகர றகரமும், நகர னகர ணகரமும் ஆங்கிலத்திலே தம்முள் வேற்றுமை இழக்கின்றன. முன்னாளில் கிளாக்கர் இரு ஏடுகளையும் ஒப்பிட்டு, “இவர் அவரேதான்” என்று உணர்ந்து எழுதுவார். பொறிக்கு அந்த அறிமுகம் இல்லை.

என் பாடசாலை மாணவி ஒருத்திக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அடையாள அட்டை வேண்டியிருந்தது. சேர்வுப் பதிவேட்டில் தந்தையின் பெயர் ழகரத்துடன். பிறப்புச் சான்றிதழில் லகரத்துடன். விண்ணப்பம் திரும்பி வந்தது. தந்தை கந்தோருக்குக் கந்தோர் நடந்தார், சத்தியக்கடதாசி முடித்தார். அட்டை கிடைத்துவிட்டது. ஆனால் தம் பெயரைத் திருத்துவதற்காக அவர் மூன்று நாட் பேரை இழந்தார். ஒரு நாட் பேர் ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் தரும் என்பதை லயத்திலே பிறந்தவர்கள் அறிவர்.

ஆகவே நேயர்களே, சில செயல்கள் நம் கையிலேயே இருக்கின்றன. குழந்தையின் பிறப்பைப் பதியும் அன்றே, பெயரை மூன்று மொழியிலும் தெளிவாக எழுதிக் கொண்டுசெல்லுதல் வேண்டும். சான்றிதழைப் பெற்றதும், மடித்து வைக்குமுன் எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும். படிக்க இயலாதோர்க்குப் பாடசாலை ஆசிரியர் படித்துக் காட்டுதல் வேண்டும். பதிவு செய்யும் உத்தியோகத்தர் ஊகித்து எழுதாது கேட்டு எழுதுதல் வேண்டும். கந்தோர்கள் பழைய எழுத்துருக்களில் உள்ள பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றுங்காலத்து, மாற்றிய ஒவ்வொரு பெயரையும் மூலத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே. அவ்வுரிமை ஒவ்வொருவரின் பெயரும் பிழையின்றி எழுதப்படும்போதே முழுமை பெறும்.

தகர வில்லையில் தொடங்கிய கணக்கு இன்று 12 இலக்கத்தில் வந்து நிற்கிறது. இத்துணைக் காலமும் தம் பேர் ஏட்டில் விழுந்ததா என்று மாலைதோறும் கேட்டறிந்த மக்கள் நம் முன்னோர். அதே கேள்வியை நாமும் கணினியின் முன் நின்று கேட்கவேண்டும். பேர் விழுந்ததா என்பதோடு, எந்த எழுத்தில் விழுந்தது என்பதையும் பார்த்துவிட்டே வீடு திரும்பவேண்டும்.