ஆனைக்குட்டம் வந்து சேராத மார்

கரிசல்காட்டில் மார் என்றால் விளைச்சல் வீடு வந்தபிறகு மிஞ்சுவது. துவரை மார், பருத்தி மார் எல்லாம் அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் வேலியாகும். அதை யாரும் பயிர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. கஞ்சாச் செடிக்கும் அப்படி ஒரு மார் உண்டு. அதன் பூ கையில் இருந்தால் போலீஸ் வழக்கு. விதையை அரைத்தால் துவையல். பட்டையை உரித்தால் கயிறு. உரித்து முடித்ததும் கையில் நிற்கிற எடையில்லாத வெள்ளைக் குச்சிதான் மார். இமயமலைக் கிராமங்களில் அது விறகு. ஜப்பானிலோ அதே குச்சி கரியாகி, வாணவேடிக்கையின் வயிற்றுக்குள் போய், வானத்தில் வட்டவட்டமாய் விரிகிறது. பட்டாசு ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிலையம் ஒன்று இருக்கிற, சிவகாசி பக்கத்து ஆனைக்குட்டத்திலிருந்து பார்த்தால், இந்தக் குச்சி போன வழியும் போகாத வழியும் சுவாரசியமானவை.

இந்தியாவில் அதன் ஊர் என்று உத்தராகண்ட் மலைகளைச் சொல்லலாம். குமாவுனிலும் கர்வாலிலும் சரிவை வெட்டிப் படிப்படியாக அமைத்த வயல்கள். பாசனம் கிடையாது, மழைதான். மே, ஜூனில் விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருப்பார்கள். நெருக்கி விதைத்தால் செடி பக்கக்கிளை விடாமல் ஆளுயரத்தைத் தாண்டி நெடுநெடுவென்று போகும், அது நாருக்கு. கலக்க விதைத்தால் கிளைத்துப் படரும், அது விதைக்கு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. முதல் பூ வரும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்கின்றன பாடநூல்கள். மலைப் பெண்களோ கணுவைப் பார்த்தும் தண்டின் மெலிவைப் பார்த்தும் முன்கூட்டியே ஊகித்துவிடுவார்கள். ஆண் செடி மகரந்தம் உதிர்த்ததும் பிடுங்கிவிட வேண்டும், அதன் நார் மென்மையானது. பெண் செடி விதை முற்றும்வரை நிற்கும், அதன் நார் முரடு.

இதில் விஞ்ஞானம் பிறகு வந்து சொன்னது, செடி பூப்பதற்கு நாள்காட்டி பகலின் நீளம் என்பது. பகல் குறையத் தொடங்கியதும் பூக்கும். மலையில் மழை ஓய்வதும் பகல் சுருங்குவதும் அடுத்தடுத்து வருவதால் விதை நனையாமல் முற்றுகிறது. நூறு தலைமுறை விதை பொறுக்கி எடுத்த கைகள் அந்தக் கணக்கைச் செடிக்குள்ளேயே எழுதிவைத்திருக்கின்றன. சமவெளி விதையைக் கொண்டுபோய் அங்கே போட்டால் இந்தக் கணக்கு பிசகும். இன்னொரு சங்கதியும் உண்டு. காட்டுப்பன்றியும் குரங்கும் கோதுமையையும் உருளைக்கிழங்கையும் சூறையாடுகிற ஊர்களில் இந்தச் செடியை அவை பெரிதாகத் தொடுவதில்லை என்று மலைக்காரர்கள் சொல்கிறார்கள். ஆள் இல்லாமல் தரிசாகிக்கொண்டிருக்கிற மலை வயலுக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை.

நார் எடுப்பதில் மட்டும் 'இயற்கைக்கு இசைந்த பயிர்' என்ற பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். கட்டுகளை ஓடையில் அமுக்கிக் கல்லை ஏற்றி ஊறப் போடுகிறார்கள். பட்டையைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கிற பசை அழுகினால்தான் உரியும். அந்த அழுகல் தண்ணீரின் பிராணவாயுவைத் தின்றுவிடும். ஓடை சிறிதாக இருந்தால் மீன் மிதக்கும். தேங்கிய தண்ணீரா ஓடுகிற தண்ணீரா, எத்தனை கட்டு என்பதில்தான் நல்லது கெட்டது இருக்கிறது. அல்மோடா பக்கம் குத்லியா போரா என்ற சமூகத்தார் இந்த நாரில் 'குத்லா' எனும் சாக்குப்பை நெய்தவர்கள். பாய்மரக் கப்பலுக்குக் கயிறு தேடி அலைந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைச் சரக்கை வாங்கிப் பார்த்தது. கயிறு போனது, பை போனது. மார் மட்டும் மலையிலேயே நின்றது.

செடியின் தலையெழுத்தை இன்று தீர்மானிப்பது 0.3 என்ற எண். போதை தரும் டி.எச்.சி. உலர் எடையில் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் அது தொழில்துறைச் சணல், தாண்டினால் கஞ்சா. இந்தக் கோட்டை 1976இல் கனடாவின் எர்னஸ்ட் ஸ்மாலும் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆர்தர் க்ரான்க்விஸ்ட்டும் வகைப்பாட்டு வசதிக்காகப் போட்டார்கள். தன்னிச்சையாகத் தேர்ந்த எண் அது என்பதை ஸ்மால் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆய்வுக்கட்டுரையில் ஒரு வசதியாக இருந்தது, நாடு நாடாகப் போய்ச் சட்டமாகிவிட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நாருக்கோ விதைக்கோ தோட்டக்கலைக்கோ கஞ்சாச் செடி வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்று ஒரு சன்னலைத் திறந்துவைத்திருக்கிறது. அந்தச் சன்னலை 2018இல் வணிக அளவில் முதலில் பயன்படுத்திய மாநிலம் உத்தராகண்ட். ஆனால் மலைக்காரர் பரம்பரையாகப் பொறுக்கிவைத்த விதையில் டி.எச்.சி. பெரும்பாலும் அந்த 0.3ஐத் தாண்டுகிறது. மண்ணுக்குப் பழகிய விதைக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ள விதைக்கு மண் பழக்கமில்லை. அந்த மலைக்குப் பொருந்துகிற குறைந்த டி.எச்.சி. விதையைத் தேடுவதுதான் இன்று ஆய்வாளர்களின் பாடு.

உயரம் கூடக்கூட வீரியம் கூடும் என்பது மலையடிவார நம்பிக்கை. இமாச்சலத்து மலானாவில் கையால் தேய்த்தெடுக்கும் சரக்கைப் பற்றிய கீர்த்திக்கும் அதுதான் அடிப்படை. 1987இல் லைடன், டெரமுரா, காஃப்மன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்ணாடிக் குடிலில் செடிகள்மேல் புற ஊதா-பி கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். போதை வகைச் செடியில் டி.எச்.சி. கூடியது. நார் வகைச் செடியில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆக, சூரியன் கொஞ்சம் செய்கிறது, மீதி விதையின் குணம். மலைக்காரரின் ஊகத்தில் பாதி உண்மை இருந்தது. ஆய்வகம் வந்து எந்தப் பாதி என்று சொன்னது.

நம் பக்கத்துக் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1893-94இல் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதிகளில் அறிக்கை போட்டபோது, சென்னை மாகாணத்தில் பயிரான இடங்களில் ஜவ்வாது மலையும் இருந்தது. இன்று தமிழ்நாட்டில் இந்தச் செடி செய்தியாவது மேற்குத்தொடர்ச்சி மலையில் அழிக்கப்படும்போதும் தேனி, கம்பம் வழியில் பிடிபடும்போதும் மட்டுமே. மாரைப் பற்றி எந்தச் செய்தியும் சொல்லாது.

மார் மரியாதையோடு வாழ்கிற ஊர் ஜப்பானின் டோச்சிகி மாநிலத்துக் கனுமா. அங்கே மார்ச் கடைசியில் விதைத்து ஜூலையில் அறுத்துவிடுகிறார்கள். செடி பூப்பதற்கு முன்பே அறுவடை முடிந்துவிடுவதால், பூவைப் பற்றிய தகராறே எழாது. அறுத்த தண்டைக் கொதிநீரில் முக்கி, காயவைத்து, ஈரம் காட்டிப் புளிக்கவிட்டு உரிப்பார்கள். நார், கோயில் சடங்குக்கும் சுமோ வீரரின் இடுப்புக் கயிற்றுக்கும் போகும். உரித்த மாருக்கு 'ஓகரா' என்று தனிப்பெயர். ஓபோன் நாட்களில் மூதாதையரை வீட்டுக்கு வழிகாட்டி அழைக்க வாசலில் கொளுத்துவது அதைத்தான். நம் ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் எப்படியோ அவர்களுக்கு ஓகரா அப்படி.

1970களில் இளைஞர்கள் வயலில் புகுந்து செடி திருடத் தொடங்கியதும் டோச்சிகியின் வேளாண் ஆய்வு நிலையம் ஒரு வேலை செய்தது. போதை மிகக் குறைந்த செடி ஒன்றை உள்ளூர் நார்வகையோடு கலப்புச் செய்து, 'டோச்சிகிஷிரோ' என்ற ரகத்தை 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. உத்தராகண்ட் இன்று தேடுவதை அவர்கள் நாற்பது ஆண்டுக்கு முன்பே முடித்துவிட்டார்கள், அதுவும் வெளிநாட்டு விதையை இறக்காமல். உள்ளூர்ச் செடியின் உடம்பை வைத்துக்கொண்டு குணத்தை மட்டும் மாற்றினார்கள். என் பார்வையில் விஞ்ஞானமும் விவசாயியின் கண்ணும் ஒன்றையொன்று மதித்த வேலை அது. ஆனாலும் 1954இல் 37,000க்கு மேல் இருந்த உரிமம் பெற்ற ஜப்பானியக் கஞ்சா விவசாயிகள் இந்த நூற்றாண்டில் சில பத்துப் பேராகக் கரைந்துவிட்டார்கள். செயற்கை நார் வந்தது காரணம், சட்டத்தின் கெடுபிடி இன்னொரு காரணம். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத் திருத்தம் எத்தனை பேரைத் திரும்ப அழைக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது.

ஓகராவின் மிச்சம் கரியாகிறது. ஒரு காலத்தில் குளிருக்கு மடியில் வைத்துக்கொள்ளும் தகரக் கணப்புக்குள் எரிந்தது அந்தக் கரித்தூள்தான். அதன் பெருமைமிக்க வேலை வாணவேடிக்கையில். ஜப்பானியக் குண்டு உருண்டை வடிவம். மேலே போய் வெடிக்கும்போது உள்ளிருக்கும் வண்ணப் பொறிகளை எல்லாத் திசைக்கும் சமமாக எறிய வேண்டும், ஒரு பக்கம் பிந்தினாலும் வட்டம் கோணிவிடும். அந்த எறிமருந்தில் கஞ்சா மார்க் கரி சேர்கிறது. மருந்தை எதன்மேல் பூசுகிறார்கள் தெரியுமா? நெல் உமியின்மேல், அல்லது பருத்திக் கொட்டையின்மேல். இரண்டும் விருதுநகர் மாவட்டத்தில் கிடைக்காத பொருளல்ல.

ஏன் அந்தக் கரி? கரி எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்கள் பட்டாசுத் தொழிலில் இருக்க மாட்டார்கள். கரி சுத்தக் கார்பன் அல்ல. எரிந்த செடியின் உயிரணுச் சுவர்களும் வெளியேறாத ஆவிப்பொருள்களும் அதற்குள் மிஞ்சியிருக்கும். கெட்டி மரக் கரி நின்று எரியும். பைன் கரி பொன்னிறப் பொறியை வெகுநேரம் தொங்கவிடும். உள்ளீடற்று, சுவர் மெல்லிசான கஞ்சா மார் சட்டென்று பற்றும். டகேயோ ஷிமிசு 1981இல் ஆங்கிலத்தில் வந்த தன் வாணவேடிக்கை நூலில் இந்தக் கரி வகைகளைப் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார். சூட்டைக் கூட்டிச் சுட்டால் எந்த மாரும் மந்தமாகிவிடும், குறைத்துச் சுட்டால் கரியே ஆகாது. எப்போது மூட வேண்டும் என்பதைப் புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறவர் எல்லா நாட்டிலும் இருந்தார். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பழைய வெடிமருந்துக்காரர்கள் கஞ்சாத் தண்டின் கரியையே விரும்பினார்கள்.

இந்தியாவிலும் மாருக்கு ஒரு காலம் இருந்தது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில், இச்சாப்பூர் வெடிமருந்து ஆலையில், வெள்ளைக்காரன் பயன்படுத்தியது துவரை மார்க் கரி. 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனதும் அதே கல்கத்தாவுக்குத்தான். அவர்களோடு தீப்பெட்டி வந்தது, பின்னால் பட்டாசு வந்தது. துவரை மாரின் பாடம் மட்டும் இச்சாப்பூரிலேயே தங்கிவிட்டது.

பட்டாசு பற்றிய 2018 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சிவகாசியின் சிந்தனை முழுக்க பச்சை உப்பைச் சுற்றியே போகிறது. பேரியம் நைட்ரேட்டுக்கு மாற்று என்ன, தூசு எவ்வளவு குறையும், நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் கொடுத்த பசுமைப் பட்டாசுக் கலவை தேறுமா என்பதே பேச்சு. ஆனைக்குட்டத்துப் பட்டாசு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையம் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்குவது, சோதனை செய்ய இடமும் ஆளும் உள்ள இடம். உப்பைச் சோதிக்கிற அந்த அக்கறையில் ஒரு பங்காவது கரிக்கு ஒதுக்கலாம் என்பது என் எண்ணம். கலவையில் மலிவானது என்பதாலேயே கரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரே மருந்து ஒரு வருடம் சுறுசுறுப்பாகவும் மறுவருடம் மந்தமாகவும் இருந்தால் போர்மேன் ஈரத்தைத்தான் திட்டுவார்.

அந்தச் சோதனைக்கு இமயமலையிலிருந்து கஞ்சா மாரை அப்படியே லாரியில் ஏற்றினால் காற்றுக்குத்தான் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். கரியாகவே சுட்டுத் தூளாக அனுப்பினால்தான் கட்டுபடியாகும். ஆனால் மாரை நம்பி எந்த மலைக்காரரும் விதைக்க மாட்டார். விதைக்கு 2021இல் உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் அனுமதி கொடுத்தது. நாருக்குத் துணிக்காரர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதாக மாருக்கும் ஆள் வந்தால் படிக்கட்டு வயலின் கணக்கு நேராகும். 2025 ஜனவரியில் இமாச்சல அமைச்சரவை பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்களிடம் முன்னோட்டச் சாகுபடி ஆய்வை ஒப்படைத்தது. அங்கே அளப்பது டி.எச்.சி.யாக, நார் நீளமாக, விதை எடையாக இருக்கும். கரியில் டி.எச்.சி. மிஞ்சாது, சூளைச் சூடு அதை விட்டுவைக்காது. சட்டம் கஞ்சா என்று வரையறுப்பதும் பூத்த, காய்த்த நுனிகளைத்தான், மாரை அல்ல. அந்தப் பல்கலைக்கழகங்களுக்குச் சிவகாசியிலிருந்து ஒரு கடிதம் போனால் போதும்: அறுவடை முடிந்ததும் மாரை எரித்துவிடாதீர்கள், ஒரு மூட்டை கரி சுட்டு ஆனைக்குட்டத்துக்கு அனுப்புங்கள்.