பெயர் ஒன்று, இடம் இரண்டு

புசா ரோட்டில் நித்தம் போய் வரும் நம்மவர் பலருக்கு, 'புசா' என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர் என்று தெரியாது. 1905-இல் அங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1934 ஜனவரி 15-ஆம் தேதி வந்த பூகம்பம் அதன் கட்டடங்களைச் சிதைத்தது. 1936-இல் நிலையம் டெல்லிக்கு வந்தது. ஊரின் பெயரும் கூடவே வந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இயக்குநராக இருந்தது இந்தப் புசாவில்தான்.

இணையதளங்களைக் காக்கும் முறைக்கு இதுவே நல்ல உவமை. நாம் தட்டுவது ஒரு பெயர்; பதில் தருவது பின்னால் இருக்கும் சர்வர். அது படுத்துவிட்டால் அதே பெயரில் இன்னொன்று வேலையை ஏற்க வேண்டும். புசா இடம் மாற இரண்டு வருஷம் ஆயிற்று. சர்வருக்குச் சில விநாடிகளே அவகாசம்.

1994 வாக்கில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்து என்.சி.எஸ்.ஏ. மையத்தின் தளம் கூட்டம் தாங்கவில்லை. ஒரே பெயருக்குப் பல சர்வர்களின் முகவரிகளைச் சுழற்சி முறையில் கொடுத்தார்கள். ஆனால் இம்முறையில் படுத்துவிட்ட சர்வரின் முகவரியும் சுழற்சியில் போய்க்கொண்டே இருக்கும். பிறகு வாசலில் ஆள் நிறுத்தும் முறை வந்தது. தீபாவளிக் கூட்டத்தில் கடை வாசலில் நிற்பவர், காலியான கல்லாவுக்கு ஆளை அனுப்புவார் இல்லையா, அதே வேலைதான். வாசல் கருவி ஒவ்வொரு சர்வரையும் அடிக்கடி "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வராத பக்கம் யாரையும் அனுப்பாது. வாசல்காரரே விழுந்துவிட்டால்? அதனால் வாசலிலும் இருவர். முதலாமவர் குரல் நின்றதும் இரண்டாமவர் அவருடைய முகவரியையே எடுத்துக்கொள்வார்.

கல்லா எத்தனை இருந்தாலும் பேரேடு ஒன்றாகவே இருக்க வேண்டும். 2002 ஆகஸ்ட் 3 முதல் ரயில் டிக்கெட் இணையத்தில் கிடைக்கிறது. தட்கல் நேரத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு எத்தனை பேர் ஒரே நொடியில் தட்டினாலும், ஒரு பர்த் இருவருக்குப் போகக் கூடாது. அந்தப் பேரேட்டுக்கும் வேறு ஊரில் உடனுக்குடன் படி இருக்க வேண்டும்.

எங்கள் சமண மரபில் சாத்திர தானம் என்று ஒன்று உண்டு. ஏடுகளைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது புண்ணியம். ஓர் ஊர் ஏடு செல்லரித்தால் வேறோர் ஊர் ஏடு துணை நிற்கும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏடுகள் கிடைத்தது, பல கைகள் படியெடுத்து வைத்ததால்தான்.

நம் சங்கத்துப் பெயர்ப்பட்டியலும் பழைய மலர்களும் ஒரே கம்ப்யூட்டரில் கிடக்க வேண்டாம். இரண்டு ஊர்களில் படி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை முதலாவதை நிறுத்திவிட்டு, இரண்டாவது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பூகம்பம் சொல்லிக்கொண்டு வராது.