நீலத்தாளில் பதிந்த கடற்பாசி: செடியும் கேமராவும் சேர்ந்து உருவாக்கிய வேலைகள்

"தாவரவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" கல்லூரியில் தாவரவியல் பிரிவை எடுக்கும் மாணவர்களிடம் உறவினர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஆசிரியர் வேலை, விட்டால் வனத்துறை, இந்த இரண்டைத் தாண்டிப் பலருக்குப் பதில் தெரிவதில்லை. ஆனால் தாவரவியலின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். செடியைப் பதிவு செய்யும் கருவி மாறும்போதெல்லாம் அந்தத் துறையின் வேலைகளும் மாறியிருக்கின்றன. கருவி என்றால் முதலில் தூரிகை, பிறகு ஒளிப்படத்தாள், அப்புறம் பிலிம், கடைசியாக டிஜிட்டல் கேமரா.

இன்னொன்றும் புரியும். அந்த வேலைகளைச் செய்தவர்கள் பலருடைய பெயர் நீண்ட காலம் வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது.

படமில்லாத புத்தகம்

1841-ல் வில்லியம் ஹார்வி என்ற தாவரவியலாளர் பிரிட்டனின் கடற்பாசிகளைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். நல்ல புத்தகம்தான், ஆனால் அதில் படங்கள் கிடையாது. நூல் நூலாக, மெல்லிய கிளைகளோடு இருக்கும் பாசிகளை வெறும் எழுத்தை வைத்துக்கொண்டு எப்படி அடையாளம் காண்பது?

இந்தக் குறையைப் பார்த்தவர் அன்னா அட்கின்ஸ். 1799-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் வேதியியலும் விலங்கியலும் அறிந்தவர், பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றியவர். மகளுக்கும் அறிவியலைச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்துப் பெண்களுக்கு இது எளிதில் கிடைக்காத வாய்ப்பு. தந்தை மொழிபெயர்த்த லமார்க்கின் சிப்பிகள் பற்றிய நூலுக்கு 200-க்கும் மேற்பட்ட படங்களை அன்னா வரைந்து கொடுத்தார்.

1842-ல் குடும்ப நண்பரான ஜான் ஹெர்ஷல் 'சயனோடைப்' என்ற முறையைக் கண்டுபிடித்தார். இரண்டு இரும்பு உப்புகளைக் கலந்து தாளில் பூச வேண்டும். இருட்டில் உலர்த்திய பிறகு, அந்தத் தாளின் மேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் பட்ட இடம் மாற்றமடைந்து நீல நிறமியாகும். பொருள் மறைத்த இடம் அப்படியே இருக்கும். தண்ணீரில் அலசினால் மாறாத உப்பு கரைந்து போய், நீலத்தில் வெள்ளையாக உருவம் தெரியும். கேமராவும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம்! பின்னாளில் பொறியாளர்கள் கட்டட வரைபடங்களுக்குப் பயன்படுத்திய 'ப்ளூ பிரிண்ட்' இதே முறைதான்.

அன்னா உலர்த்திய கடற்பாசிகளைத் தாளின் மேல் பரப்பி, கண்ணாடி வைத்து அழுத்தி, வெயிலில் வைத்தார். பாசிகளின் பெயர்களைக்கூடத் தன் கையெழுத்தில் எழுதி அதே முறையில் பதித்தார். 1843 அக்டோபரில் முதல் பகுதி வெளிவந்தது. ஒளிப்படங்களைக் கொண்ட உலகின் முதல் புத்தகமாக இன்று கருதப்படுவது இதுதான். ஒளிப்படக் கலையின் தந்தையருள் ஒருவரான டால்பாட்டின் நூல்கூட இதற்கு அடுத்த ஆண்டு, 1844-ல்தான் வெளிவரத் தொடங்கியது.

பத்து ஆண்டுகள், 1853 வரை, அன்னா இந்த வேலையைச் செய்தார். ஒரு முழுப் பிரதிக்கு ஏறக்குறைய 400 படங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக வெயிலில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தவருக்குத் தாவரவியலில் ஒரு வேலை இருந்ததா? இல்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்ட மிகச் சில சங்கங்களில் ஒன்றான லண்டன் தாவரவியல் சங்கத்தில் 1839-ல் உறுப்பினரானார், அவ்வளவுதான். புகழ்பெற்ற லின்னேயன் சங்கம் பெண்களை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்தது 1904-ல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, 1871-ல், அன்னா இறந்துவிட்டார். நூலின் முன்னுரையில் அவர் இட்டது 'ஏ.ஏ.' என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. பிற்காலத்தில் ஒருவர் அதை 'பெயர் தெரியாத அமெச்சூர்' என்பதன் சுருக்கம் என்றே நினைத்துவிட்டார்!

அதே ஆண்டுகளில் சென்னையில்

அன்னா கென்ட்டில் வெயிலை நம்பி வேலை செய்த அதே ஆண்டுகளில், சென்னை மாகாணத்தில் இரண்டு ஓவியர்கள் தூரிகையை நம்பி வேலை செய்து கொண்டிருந்தார்கள். ரங்கையா, கோவிந்து என்பவை அவர்கள் பெயர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக வந்து தாவரவியலாளராக மாறிய ராபர்ட் வைட் அவர்களை வேலைக்கு வைத்திருந்தார். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத் தொகுப்பில் 2000-க்கும் அதிகமான படங்கள் உள்ளன. அதில் பெரும் பங்கு இவர்கள் கைவண்ணம்.

ஒளிப்படம் வந்த பிறகும் ஓவியர் ஏன் தேவைப்பட்டார்? சயனோடைப் தருவது ஒரு நிழல் உருவம். பூவின் உள்ளே மகரந்தத் தாள் எத்தனை, சூற்பையில் அறைகள் எத்தனை என்பதை அது காட்டாது. ஓவியரோ பூவை வெட்டிப் பார்த்து, பெரிதாக்கி, அதே தாளின் ஓரத்தில் வரைந்து காட்டுவார். எதைக் காட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவெடுக்கும் கண் அவரிடம் உண்டு. இந்தக் காரணத்தால்தான் புதிய தாவரங்களை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் கோட்டோவியம் இன்றும் இடம்பெறுகிறது.

வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயியா' என்று தன் ஓவியரின் பெயரையே சூட்டினார். அந்தக் காலத்தில் இது பெரிய மரியாதை. ஆனால் அந்தச் செடி பின்னர் வேறு பேரினத்தில் சேர்க்கப்பட்டதால், அந்தப் பெயர் வழக்கில் நிற்கவில்லை. அவர்கள் வரைந்த மூல ஓவியங்கள் பல, ஸ்காட்லாந்தின் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் உள்ளன.

பிலிம் தந்ததும் தராததும்

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1935-ல் கோடாக்ரோம் என்ற வண்ணப் பிலிம் வந்தது. களத்துக்குப் போகும் தாவரவியலாளரின் பையில் கத்தரி, பழைய செய்தித்தாள், செடி அழுத்தும் பலகை ஆகியவற்றோடு கேமராவும் சேர்ந்து கொண்டது.

பிலிமில் இருப்பது வெள்ளி உப்புத் துகள்கள். ஒளி பட்ட துகள், கழுவும்போது உலோக வெள்ளியாக மாறி உருவம் தரும். வண்ணப் பிலிமில் அந்த இடத்தைச் சாயம் பிடித்துக்கொள்ளும். ஒரு ரோலில் 36 படங்கள். மலை உச்சியில் எடுத்த அரிய பூவின் படம் சரியாக விழுந்ததா என்பது ஊருக்குத் திரும்பி, பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். விழவில்லை என்றால் அடுத்த ஆண்டு பூக்கும் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அஜெரேட்டம் போன்ற சில நீலப் பூக்கள் வண்ணப் பிலிமில் இளஞ்சிவப்பாக விழும். அந்தப் பூக்கள் நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அடர்சிவப்பு ஒளியையும் நிறையப் பிரதிபலிக்கின்றன. கண் அதைக் கவனிக்காது, ஆனால் பிலிமின் சிவப்பு அடுக்கு அதைப் பதிவு செய்துவிடும். கோடாக் நிறுவனமே இதற்கு 'அஜெரேட்டம் விளைவு' என்று பெயர் வைத்திருந்தது. பூவின் நிறத்தை வைத்து இனம் பிரிக்கும் துறையில் இது சின்னப் பிரச்சினையா?

ஆனால் இதே குணம் வேறொரு வேலையை உருவாக்கியது. பச்சை இலை அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு பிரதிபலிக்கும். இரண்டாம் உலகப் போரில், வெட்டிப் போட்ட இலைகளையும் பச்சைப் பெயின்ட்டையும் உயிருள்ள மரங்களிலிருந்து பிரித்துக் காட்ட அகச்சிவப்புப் பிலிம் பயன்பட்டது. போருக்குப் பின் கலிபோர்னியாவின் ராபர்ட் கோல்வெல், இதே பிலிமை விமானத்தில் கொண்டுபோய்த் தானியப் பயிர்களில் நோய் பரவியிருப்பதைக் கண்டறிய முடியும் என்று 1956-ல் காட்டினார். செடியைத் தொடாமல், ஆகாயத்திலிருந்து நோய் பார்க்கும் தாவர அறிவியல் இப்படி வளரத் தொடங்கியது.

படம் எண்ணானபோது

1975-ல் அதே கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை ஏறக்குறைய மூன்றரை கிலோ. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள்தான். ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 விநாடிகள் ஆயின. பிலிமில் கொழித்த கோடாக் இதை வேகமாக வளர்க்கவில்லை. 2009-ல் கோடாக்ரோம் தயாரிப்பை நிறுத்தியது, 2012-ல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

பிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பலரும் செலவைச் சொல்வார்கள், உடனே பார்க்கலாம் என்பார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் தாவர அறிவியலுக்கு முக்கியமான வித்தியாசம் வேறு. பிலிமில் இருப்பது ஓர் உருவம். டிஜிட்டல் படத்தில் இருப்பது எண்கள். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் தன் மேல் விழுந்த ஒளியை ஓர் எண்ணாகத் தருகிறது. எண் என்றால் கூட்டலாம், கழிக்கலாம், வகுக்கலாம்.

1972-ல் விண்ணில் ஏவப்பட்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் பூமியை இப்படித்தான் எண்களாக அனுப்பியது. ஆரோக்கியமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். பசுமை அதிகமானால் அதுவும் அதிகமாகும். வறட்சியைக் கணிக்கவும், காடு குறைவதைக் கண்காணிக்கவும், பயிர் நிலையை மதிப்பிடவும் இந்த எளிய கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஆய்வுக் கூடங்களில் ஆயிரக்கணக்கான நாற்றுகளைத் தினமும் படமெடுத்து இலைப் பரப்பைக் கணினி அளக்கும் வேலையும் இதன் தொடர்ச்சிதான்.

பழைய மாதிரிகளுக்கும் டிஜிட்டல் புது வாழ்வு கொடுத்தது. உலர் தாவரங்களைத் தாளில் ஒட்டி வைக்கும் காப்பகத்தை ஹெர்பேரியம் என்பார்கள். லண்டன் கியூ பூங்காவில் மட்டும் சுமார் 70 லட்சம் மாதிரிகள் உள்ளன. இவற்றைச் சாதாரண ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தால் உதிர்ந்துவிடும். அதனால் ஸ்கேனரையே தலைகீழாகப் பொருத்தி, மாதிரியை மெல்லக் கீழிருந்து உயர்த்தும் 'ஹெர்ப்ஸ்கேன்' என்ற கருவியைக் கியூவில் உருவாக்கினார்கள். கோவையில் உள்ள மாணவர் பாரீஸில் உள்ள மாதிரியைத் திரையில் பார்க்க முடிவது இத்தகைய உழைப்பால்தான்.

படம் செடியாகுமா?

அப்படியென்றால் இனி செடியைச் சேகரிக்கவே வேண்டாமா? வேண்டும். 2007 ஜனவரி 1 முதல், புதிய தாவர இனத்துக்குப் பெயர் சூட்ட ஆதாரமாகப் படத்தை வைக்க முடியாது, உண்மையான மாதிரியே வேண்டும் என்கிறது சர்வதேசத் தாவரப் பெயரிடல் விதி. நுண்பாசி, நுண்பூஞ்சை போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. காரணம் எளிது. படத்திலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியாது. எடுத்தவர் நினைக்காத ஒன்றைப் படத்தைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆயுள் விஷயத்திலும் டிஜிட்டல் தானாக ஜெயித்துவிடவில்லை. அன்னாவின் நீலத்தாள்கள் 180 ஆண்டுகள் கடந்தும் இருக்கின்றன. வெளிச்சத்தில் கொஞ்சம் வெளுத்தாலும், இருட்டில் வைத்தால் நிறம் ஓரளவு திரும்பும். டிஜிட்டல் கோப்பு அப்படித் தானே கிடக்காது. அதைப் படிக்கும் கருவி வேண்டும், அவ்வப்போது நகலெடுக்க ஆள் வேண்டும்.

ஆக, தாவரவியல் படித்தவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் நீளமானது. வகைப்பாட்டியலாளர், ஹெர்பேரியக் காப்பாளர், தாவர ஓவியர், மாதிரிகளை டிஜிட்டலாக்குபவர், தொலையுணர்வு வல்லுநர், பயிர்ப் படங்களை ஆராய்பவர் என்று போகும். திருச்சியில் 1967-ல் தொடங்கப்பட்ட ராபினாட் ஹெர்பேரியம், கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற இடங்கள் தமிழகத்திலேயே உண்டு. கேமரா தெரிந்தவர்கள் நிறையப் பேர். செடி தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர்கள்தான் குறைவு.

இன்று ஒரு டிஜிட்டல் படத்தோடு தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் சேர்த்தே சேமிக்கலாம். அன்னா இரண்டு எழுத்துக்குள் மறைந்தார். கோவிந்துவின் பெயரைத் தாங்கிய பேரினம் வழக்கிலிருந்து போய்விட்டது. அடுத்து வருபவர்கள் அப்படி மறைய வேண்டியதில்லை. பெயரை எழுதி வைக்க இடம் இருக்கிறது. எழுதும் பழக்கம் மட்டும் வேண்டும்.