'டயானா' நீராவிப் படகும் அரியலூர்ப் புதைபடிவங்களும்

1. எல்லை

அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையான கொள்ளிடத்தில் பரிசலும் ஓடமும்தான் ஆட்களை அக்கரை சேர்த்தன. பல மாதங்கள் மணல்வெளியாய்க் கிடக்கும் ஆற்றில் நீராவிப் படகுக்கு இடமில்லை. ஆயினும், பர்மாவின் ஐராவதி ஆற்றில் உழைத்த 'டயானா'வின் வரலாறு இம்மண்ணுக்குத் தொலைவானதன்று. அதற்குக் காரணம் புதைபடிவங்கள்.

2. போர்ப்பணி

கல்கத்தாவின் கிதர்பூர்த் துறையில் 1823 ஜூலையில் நீரில் இறக்கப்பட்ட டயானா, துடுப்புச் சக்கரங்களால் ஓடிய 132 டன் படகு. 1824-இல் பர்மாவுடன் போர் மூண்டதும் கிழக்கிந்தியக் கும்பெனி அரசு அதை விலைக்கு வாங்கியது. கடற்படை அதிகாரி பிரெடெரிக் மேரியட் அதைப் போருக்கு எடுக்கச் சொன்னவர்களுள் ஒருவர். பர்மியரின் போர்ப்படகுகள் வேகமானவை. ஆனால் துடுப்பு வலிப்போர் ஓய்ந்து போகும்வரை டயானா அவற்றை விடாமல் துரத்தியது. காற்றையும் நீரோட்டத்தையும் நம்பியிருந்த பாய்க்கப்பல்களையும் இழுத்துச் சென்றது.

சென்னைப் படைப்பிரிவுகளின் சிப்பாய்கள் பெருந்திரளாகச் சென்ற போர் இது. கும்பெனிப் படையில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது நோய். படகின் திறமையை மட்டும் பேசி இச்சாவுகளைக் கடந்துபோவது நேர்மையான வரலாறாகாது.

3. தரைதட்டியபோது

போர் முடிந்தபின் 1826-இல் கும்பெனித் தூதர் ஜான் கிராஃபர்டின் குழுவை டயானா பர்மியத் தலைநகரான ஆவாவுக்கு ஏற்றிச் சென்றது. தாவரவியல் அறிஞர் நதானியேல் வாலிக்கும் உடன் சென்றார். திரும்பும்போது ஆற்றில் நீர் குறைந்திருந்தது. கச்சா எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர்போன ஏனாங்ஜாங் அருகே படகு மணலில் தட்டி நின்றது. அந்தத் தாமதத்தில் கரைமேடுகளில் தேடியவர்களுக்குக் கல்லாகிப்போன மரத்துண்டுகளும், யானையினத் தொல்விலங்குகளின் தாடைகளும் கடைவாய்ப் பற்களும் கிடைத்தன. பெட்டிகளில் லண்டன் சேர்ந்த அவற்றிலிருந்து உடற்கூற்றியலாளர் வில்லியம் கிளிஃப்ட் இரண்டு புதிய இனங்களை 1828-இல் விவரித்தார். டயானாவின் பணிகளில் நிலைத்த பயன் தந்தது இதுவே என்பது என் முடிவு. படகு 1830-களில் உடைக்கப்பட்டுவிட்டது.

4. இம்மண்ணில்

அரியலூர், பெரம்பலூர் படிவங்கள் ஏனாங்ஜாங் எலும்புகளைவிட மிகப் பழையவை. கடல் பரவியிருந்த காலத்தின் அம்மோனைட்டுகளும் கிளிஞ்சல்களும் இங்கே பாறையில் பதிந்துள்ளன. கே, கன்லிஃப் ஆகியோர் திருச்சிப் பகுதியிலும் புதுச்சேரியிலும் திரட்டியவையும் லண்டனுக்கே சென்றன. எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்தார். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரமோ, ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயதும் 18 மீட்டர் நீளமும் கொண்டு, கிடந்த ஓடையிலேயே காக்கப்பட்டுள்ளது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ வயலிலோ இப்படி ஏதும் தென்பட்டால் பெயர்த்தெடுக்க வேண்டாம். கிடந்த இடமும் அடுக்கும் தெரியாத கல்லைக்கொண்டு ஆய்வாளர் அதிகம் சொல்ல முடியாது. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குத் தகவல் கொடுங்கள்.